எந்த எடை மேல?

தேவகிக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயம். ஊரில் எல்லாருக்கும் திங்கட்கிழமைதான் பயம். இவளுக்கு ஒரு நாள் முன்னாடியே ஆரம்பித்துவிடும். காலையில் எழுந்து பல் விளக்கிக்கொண்டே விரல் விட்டுக் கணக்குப் போடுவாள். "இன்னாடி, பரீட்சைக்குப் போறவ மாதிரி இருக்க?" என்பான் அவள் புருஷன் பாண்டியன். கம்பெனி வேன் ஓட்டுகிறவன். "காலேஜ் படிச்ச பொம்பள வாரா வாரம் பூதத்தோட சண்டைக்குப் போறா. யார்கிட்ட சொல்லி அழறது?" என்று சிரிப்பான். அவளும் சிரித்து வைப்பாள்.

யார் இந்தத் தேவகி என்று கேட்டால், சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆம்பூர் பக்கம் தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்த கோதண்டபாணியின் மூத்த மகள். திருப்பத்தூருக்கு பஸ்ஸில் போய் வந்து கெமிஸ்ட்ரி படித்தாள். வயது முப்பத்தி நாலு. ஒரு தோல் ஃபேக்டரியின் லேபில் பத்து வருஷமாக வேலை. டிரம்மில் சுற்றப்போகும் தோலுக்கு என்ன சாயம், எவ்வளவு எண்ணெய் என்று கணக்குப் போட்டு கார்டு எழுதிக் கொடுப்பாள். டிரம் மேஸ்திரி அந்தக் கார்டைப் பார்த்து கிலோ கிலோவாக அளந்து கொட்டுவார். வாரத்தில் ஆறு நாள் இந்த வேலை. ஏழாவது நாள்தான் பூதம்.

அதாவது, ஒரு ஆட்டம். கேரம் போர்டு, சீட்டு மாதிரி இல்லை. நாலு பேர் உட்கார்ந்து வாயாலேயே ஒரு கதையை நடத்துவது. ஒருவர் காட்டையும் குகையையும் அதில் வரும் ராட்சசனையும் சொல்வார். மற்ற மூன்று பேரும் அந்தக் கதைக்குள் வீரனாகவோ வில்லாளியாகவோ மந்திரவாதியாகவோ இறங்குவார்கள். அடி விழுந்ததா, எவ்வளவு விழுந்தது என்பதைப் பகடை சொல்லும். ஷூ டிசைனர் வேலை பார்க்கும் ஹேமந்த் பெங்களூரிலிருந்து கலர் கலராகப் பகடை வாங்கி வந்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இதை ஆரம்பித்து வைத்தான். இங்கிலீஷ் புஸ்தகத்தை வைத்து ஆடிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. தேவகி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, பிரவுன் அட்டை போட்டு, சொந்தமாகத் தமிழில் விதி எழுத ஆரம்பித்தாள். கதை நடத்துவதும் அவள்தான். அவளுக்கு 'அம்பயர்' என்று பெயர் வைத்தார்கள்.

ரயில்வே லைனுக்குப் பின்னால் ஹேமந்த் வீட்டு மாடி ரூம்தான் இடம். ரயில் போகும்போது பேசினால் காதில் விழாது, ஆட்டத்தை நிறுத்திவிட்டு டீ குடிப்பார்கள். ஹேமந்துக்குக் கத்தி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஷர்மிளாவுக்கு வில். "வைத்தியச்சியா வாயேன்" என்று முதல் நாளே கேட்டார்கள். "ஆறு நாளும் கட்டு போட்டுட்டு ஏழாவது நாளும் கட்டு போடணுமா? நான் எவனையாவது அடிக்கணும்பா" என்று சொல்லிவிட்டாள். சர்ச் முடிந்து நேராக வருவாள். மூன்றாவது ஆள் மக்பூல் அகமது. மக்பூல் பாய்க்கு ஐம்பத்தி நாலு வயது. ஆட்டத்தில் அவர் மந்திரவாதி, பேர் உஸ்தாத். கையில் நெருப்பு.

அந்த நெருப்புதான் இப்போது பிரச்சினை.

போன வாரம் ஹேமந்த் பகடையை மேஜையில் போட்டுவிட்டு எழுந்தே விட்டான். "அக்கா, கோச்சுக்காதீங்க. பாய் மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா நான் எதுக்கு வர்றேன்? கத்திய உறையிலேருந்து உருவறதுக்குள்ள உஸ்தாத் ஊதித் தள்ளிடறாரு. ரெண்டு வருஷமா இதே பேஜார்." ஷர்மிளாவும் முனகினாள். "எனக்கு வாரத்துல ஒரு நாள்தான் லீவு, தேவகி. அம்பை எடுத்தா எதிர்ல சாம்பல்தான் இருக்கு. அடுத்த வாரம் பாயோட இந்த அனல்வீச்சைச் சரி பண்ணு. இல்லேன்னா நான் வீட்ல தூங்கறேன்."

பாய் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்மி பண்ணிடும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அந்தக் குரலில் அவர் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால்கூட தேவகியால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மூடி மூடி வைத்துக் கடைசியில் உடைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அப்படி மூடி வைத்த ஒருத்தியின் கதைதானே இது.

மக்பூல் பாய் அதே ஃபேக்டரியில் இருபத்தி மூன்று வருஷம் டிரம் மேஸ்திரியாக இருந்தவர். தோலைத் தொட்டுப் பார்த்து இன்னும் எத்தனை நிமிஷம் சுற்ற வேண்டும் என்று சொல்வார். தோலை ஒரே கனமாகச் சீவுவதற்கு ஷேவிங் மெஷின் என்று ஒன்று உண்டு. சீவினால் எடை குறையும். அதனால் கார்டின் தலையில் இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் ஷேவிங்குக்கு முந்தைய எடை, கீழ் வரியில் ஷேவிங்குக்குப் பிந்தைய எடை. டிரம்மில் போடும் சாயத்துக்கும் எண்ணெய்க்கும் கீழ் வரியைத்தான் எடுத்து பர்சன்ட் போட வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்குக்கூட முதல் நாள் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தேவகி மேல் வரியை எடுத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை. சாயத்துக்குச் சரியாகத்தான் போட்டாள். நடுவில் போன் வந்தது, வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். பேசிவிட்டு வந்து எண்ணெய்க்குப் பத்து பர்சன்ட் போடும்போது கண் மேலே போய்விட்டது. அறுநூறு கிலோவுக்கு அறுபது என்று எழுத வேண்டியவள், தொள்ளாயிரத்துக்குத் தொண்ணூறு என்று எழுதினாள். பாய் தொண்ணூறு கிலோ அளந்து கொட்டினார். மறுநாள் தோலை எடுத்துப் பார்த்தால் கொழகொழவென்று எண்ணெய்ப் பிசுக்கு. மடித்தால் மேல்தோல் சுருக்கம் சுருக்கமாகத் தனியாக நின்றது. ஷூவுக்கு ஆகாது. அந்த டிரம்மில் போட்ட லாட் முழுக்கப் போச்சு.

தப்பு அதோடு நின்றிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். டிரம் பக்கத்தில் தொங்கும் கார்டு சாயங்காலத்துக்குள் நனைந்து கறைபட்டுப் போகும். ஃபைலில் வைப்பதற்கு லேபில் புதிதாக ஒரு நகல் எழுதிவிட்டு, அசலைக் குப்பையில் போடுவது வழக்கம். மறுநாள் காலை தேவகி நகல் எழுதும்போது தொண்ணூறு என்ற எண்ணைப் பார்த்தாள். பார்த்த கையோடு, தப்பைக் கண்டால் திருத்துகிற பழக்கத்தில், அறுபது என்று எழுதிவிட்டாள். எழுதி முடித்த அப்புறம்தான் என்ன எழுதினோம் என்று உறைத்தது. அதற்குள் மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு வந்து, மையே காயாத நகலை எடுத்துக்கொண்டு டிரம் பக்கம் போய்விட்டார்.

"இன்னா பாய், கார்டுல அறுபதுன்னுதானே இருக்கு? தொண்ணூறு எங்கேர்ந்து வந்துச்சு?"

"தொண்ணூறுன்னுதான் சார் பார்த்தேன்."

"ஆறை ஒம்போதாப் பார்த்தியா? கண்ணாடி போட்டுனு வரலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தேவகி லேப் வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவளுக்கு வேலை போய்விடும் என்ற பயம், மகள், பாண்டியன், கிராமத்தில் அப்பா. எல்லாம் சேர்ந்து வாயைப் பொத்திவிட்டது. பாய் அந்த வாரமே வேலையை விட்டார். விட்டார் என்றா சொல்வது, விட வைத்தார்கள். 'ஆறு ஒம்போது பாய்' என்று அவருக்கு ஒரு பட்டப்பெயரும் மிஞ்சியது.

வேறு தோல் ஃபேக்டரியில் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. "இல்லபா, என் கண்ண நம்ப முடியல" என்றார். மேல்விஷாரத்தில் ஒரு தோல் குடோனில் இப்போது வாட்ச்மேன். அவர் மனைவி முனவ்வர் பேகத்துக்குச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. முன்னெல்லாம் அவர்தான் போடுவார். இப்போது சிரிஞ்சில் இருக்கும் எண்ணைப் பார்க்கவே கை நடுங்குகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் பக்ருன்னிசா வந்து போட்டுவிட்டுப் போகிறாள். ஆட்டத்தில்கூடப் பத்துமுகப் பகடையை உருட்டிவிட்டு அப்படியே ஷர்மிளா பக்கம் தள்ளிவிடுவார். ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் ஒரு கோடு போட்டுத்தான் அந்தப் பகடை வருகிறது, குழப்பம் வரக்கூடாது என்று. "நீயே எண்ணும்மா" என்பார். "ஆறா ஒம்போதான்னு எனக்குத் தெரியாது" என்று அவரே சிரித்தும் வைப்பார். அவர் சிரிக்கும்போதெல்லாம் தேவகியும் சேர்ந்து சிரித்துவிட்டு நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

அவர் வேலையை விட்ட மறு வாரம்தான் தேவகி நெருப்பு விதியை மாற்றி எழுதினாள்.

முதலிலிருந்தே இவர்கள் ஆட்டத்தில் உயிர் என்று எழுதுவதில்லை, எடை என்றுதான் எழுதுவார்கள். பாய் சொன்ன யோசனை. "ராட்சசன் எவ்ளோ பெரிசு, எடை போட்டாத்தானே தெரியும்" என்றார். அடி விழ விழ எடை குறையும், பூஜ்யம் ஆனால் செத்தான். அனல்வீச்சுக்கு நாலு பத்துமுகப் பகடை. கூட்டி வருகிற எண்தான் பர்சன்ட். எதிரியின் மிச்ச எடையில் அத்தனை பர்சன்ட் எரியும் என்பது பழைய விதி. மிச்சம் குறையக் குறைய நெருப்பும் குறையும், கத்தியும் அம்பும் வந்துதான் முடிக்க வேண்டும். தேவகி 'மிச்ச' என்பதை அடித்துவிட்டு 'முதல்' என்று எழுதினாள். அவ்வளவுதான். ராட்சசன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் நாலைந்து வீச்சில் சாம்பல். அவரிடம் பிடுங்கியதற்கு இவள் கொடுத்த கூலி அது. கூலி என்ன கூலி, மனசாட்சிக்குப் போட்ட மிட்டாய். அது போதாது என்று, ராட்சசன் உஸ்தாத்தை அடிக்கும்போது நோட்டுக்குப் பின்னால் மறைத்துப் பகடை போட்டு, முப்பது விழுந்தால் பத்து என்று சொல்வாள். உஸ்தாத் சாகவே மாட்டான்.

ஹேமந்த் கோபித்துக்கொண்டு எழுந்த பிறகு அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் லேப் மூலையில் உட்கார்ந்து தாளில் தனியாகச் சண்டை போட்டுப் பார்த்தாள். முதலில் ராட்சசன் எடையை ஏற்றினாள். தொள்ளாயிரத்தை மூவாயிரம் ஆக்கினாள். பர்சன்ட் ஆச்சே, நெருப்புக்கு அது உறைக்கவே இல்லை, அதே ஐந்து வீச்சு. ஹேமந்தின் கத்திதான் கொசுக்கடி ஆனது. பகடையை நாலிலிருந்து மூன்றாகக் குறைத்தாள். ஒன்றிரண்டு வீச்சு கூடியது, அவ்வளவுதான். எப்படிச் சுற்றி வந்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. 'முதல்' என்பதை அடித்து 'மிச்ச' என்று எழுதினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

எழுதலாம். எழுதினால் கேட்பார்கள். இத்தனை நாள் எந்த எடை மேல போட்ட என்று கேட்பார்கள். மற்றவர்கள் கேட்டால் மழுப்பிவிடலாம். டிரம் பக்கத்தில் இருபத்தி மூன்று வருஷம் நின்ற மனுஷன் காதில் 'முதல் எடை', 'மிச்ச எடை' என்று விழுந்தால் கார்டின் மேல் வரியும் கீழ் வரியும் ஞாபகம் வராமல் போகுமா? இன்னொன்றும் இருந்தது. அந்த அசல் கார்டை அவள் குப்பையில் போடவில்லை. கிழித்துப் போடவும் கை வரவில்லை. விதி நோட்டின் பிரவுன் அட்டைக்குள் செருகி வைத்திருந்தாள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அது பாய்க்கு முன்னால், ஒரு முழ தூரத்தில் இருந்திருக்கிறது.

கடைசியில் கோழைத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். அனல்வீச்சு ஒரு சண்டைக்கு இரண்டு தடவைதான். எந்த எடை என்ற பேச்சே வராது.

ஞாயிறு வந்தது. பாய் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார். "சண்டை போடாம சாப்டுங்க" என்று ஹேமந்த் கையில் முதலில் வைத்தார். ஹேமந்துக்குச் சங்கடமாகப் போயிற்று. தேவகி புது விதியைப் படித்துக் காட்டினாள், ஆனாலும் அவன் வேறொரு முடிவோடு இருந்தான். சுவரில் பெரிய சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தான். "அக்கா, ரெண்டு தடவைங்கறது எனக்கு ஓகே. ஆனா இன்னிக்கு எல்லாக் கணக்கும் இதுல வெளிப்படையா எழுதிடலாம். எங்க உதைக்குதுன்னு நானே பார்க்கிறேன். நோட்டுக்குள்ள நீங்க என்ன பண்றீங்கன்னே தெரியல." ஸ்கெட்ச் பேனாவை எடுத்து இரண்டு கட்டம் போட்டான். ஒன்றில் முதல் எடை, இன்னொன்றில் மிச்ச எடை.

தேவகிக்கு மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அன்றைய கதை அமிர்திக் காட்டில். அருவிக்குப் பின்னால் ஒரு கல்லானை உறங்குகிறது, அதன் தந்தத்தை எடுத்து வர வேண்டும். "எடை எவ்ளோ?" என்று ஹேமந்த் கேட்டான். "தொள்ளாயிரம்" என்றாள். ரெண்டு வருஷமாக அவளுக்கு வேறு எண்ணே வருவதில்லை.

உஸ்தாத் முதல் அனலை வீசினார். பகடையை ஷர்மிளா எண்ணினாள், இருபத்தி நாலு. தொள்ளாயிரத்தில் இருநூற்றிப் பதினாறு போனது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் அடிக்கு முதலும் மிச்சமும் ஒன்றுதானே. ஹேமந்த் இரண்டு தடவை வெட்டினான். ஷர்மிளா இரண்டு அம்பு விட்டாள். கல்லானை தும்பிக்கையைச் சுழற்றியது, தேவகி நோட்டுக்குப் பின்னால் பகடையைப் போட்டுப் பாதியைச் சொன்னாள். சார்ட்டில் எடை இறங்கிக்கொண்டே வந்தது. அறுநூற்றி அறுபது. அறுநூற்றி நாற்பத்திரண்டு. அறுநூற்றி இருபது.

ஷர்மிளாவின் கடைசி அம்பு இருபது எடுத்தது. "அறுநூறு" என்று ஹேமந்த் எழுதினான்.

அடுத்தது உஸ்தாத்தின் இரண்டாவது அனல். தேவகி சார்ட்டைப் பார்த்தாள். மேலே 900, கீழே 600. அந்தக் கார்டின் தலையையே யாரோ பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிய மாதிரி இருந்தது. கடவுளே, எட்டு விழட்டும், முப்பது விழட்டும், என்ன வேண்டுமானாலும் விழட்டும், பத்து மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள்.

பாய் பகடையை உள்ளங்கையில் குலுக்கினார். உருட்டினார். ஷர்மிளா பக்கம் தள்ளினார்.

"நாலு, ஒண்ணு, மூணு, ரெண்டு. அய்யோ, பத்துதான் பாய்."

"பத்து பர்சன்ட்" என்று ஹேமந்த் தலையைச் சொறிந்தான். "எவ்ளோ எழுதணும் அக்கா?"

அறுபது என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் நாக்கு இரண்டு வருஷமாகப் பழகிய விதியைச் சொல்லிவிட்டது. "தொண்ணூறு."

ஹேமந்த் எழுதப் போனான். பாய் கையை நீட்டித் தடுத்தார்.

"இரு இரு. அறுநூறுதானே மிச்சம்? பத்து பர்சன்ட்டுன்னா அறுபதுதானே வரும்?"

"முதல் எடை மேல பாய்" என்றாள் தேவகி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பாய் சிரித்தார். நல்ல சிரிப்பு, கபடமே இல்லாத சிரிப்பு. "இன்னா தேவகி, லேப்ல இருக்கற நீயே இப்படியா? ஷேவிங் ஆன அப்பறம் எடை போட்டு அது மேலதானே போடணும்? மேல் வரிய எடுத்தா ஒன்றரைப் பங்கா ஆயிடும்மா. பாரு, தொள்ளாயிரம், அறுநூறு. அறுபது கிலோ எண்ணெய்க்குத் தொண்ணூ..."

நின்றுவிட்டார். கண் சார்ட்டின் மேலேயே இருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்ணெய் எங்கே இருந்து வந்தது என்று ஹேமந்துக்கும் ஷர்மிளாவுக்கும் புரியவில்லை.

"தேவகி" என்றார்.

இன்னொரு தடவை வாயை மூடிக்கொள்ள அவளால் முடியவில்லை. நோட்டின் பிரவுன் அட்டையைப் பிரித்தாள். நாலாக மடித்த கார்டு, எண்ணெய்க் கறை படிந்து மஞ்சளாகியிருந்தது. பிரித்து அவர் முன்னால் வைத்தாள். 90 என்று அவள் கையெழுத்தில், தெளிவாக.

"நான்தான் பாய் தப்பா எழுதினேன். நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. நகல் எழுதும்போது அறுபதுன்னு மாத்திட்டேன். மேனேஜர் வந்துட்டாரு. அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். ரெண்டு வருஷமா பயந்துனே இருந்தேன்."

பாய் கார்டைக் கையில் எடுத்தார். விரலால் அந்த எண்ணைத் தொட்டார். எழுந்து வெளியே மொட்டை மாடிக்குப் போனார்.

அதற்குள் விஷயம் புரிந்துவிட்ட ஷர்மிளா தேவகியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தாலும் தேவலை. "அந்தம்மாவுக்கு ஊசி போட இவரு பயப்படறாரேன்னு நான் எத்தனை வாட்டி வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்திருப்பேன்? அப்பல்லாம் நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த? கல்லா நீ?" என்றாள். தேவகி அழுதாள். அழுவதற்கு எனக்கு என்ன யோக்யதை என்று நினைத்துக்கொண்டே அழுதாள். ஹேமந்த் ஸ்கெட்ச் பேனாவுக்கு மூடி போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். ஒரு ரயில் போனது. அது போய் ரொம்ப நேரம் ஆகியும் யாரும் டீயைத் தொடவில்லை.

பாய் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷம்" என்றார். "பஸ் நம்பர் பார்க்கப் பயந்தேன். பேரன் நோட்டுல கணக்குக் கேட்டா எழுந்து போய்டுவேன். எனக்கு மூளையில ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். பொண்டாட்டி பேஜாராயிடுவாளேன்னு வெளிய சொல்லல. நீ தப்பா எழுதினதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கை தவறும். நான் சிரிக்கும்போதெல்லாம் நீயும் சேர்ந்து சிரிச்சே பாரு, அதுதான் எனக்கு..." முடிக்கவில்லை.

"பாய், நான் நாளைக்கே போய்..."

"இரு. முதல்ல இத முடி." சார்ட்டைக் காட்டினார். "ஹேமந்த், அறுபது எழுது. மிச்சம் ஐநூத்தி நாப்பது. இனிமே நெருப்பு கீழ் வரி மேலதான். சரியா?"

ஹேமந்த் எழுதினான்.

"இப்போ ஆனை முறைதானே? உஸ்தாத்துக்கு மிச்சம் முப்பத்திரண்டு. அடி."

"வேணாம் பாய்."

"அடின்றேன்ல. அந்த நோட்டை மூடு, மறைக்காம போடு. இவ்ளோ நாள் உஸ்தாத் ஏன் சாகலன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. கம்மி பண்ணாத."

தேவகி நோட்டை மூடித் தள்ளி வைத்தாள். ஐந்து பத்துமுகப் பகடையைக் கையில் எடுத்தாள். உருட்டுவதற்கு முன்பே ஒன்று நழுவி விழுந்தது. அதையும் எடுத்து எல்லார் கண் முன்னாலும் மேஜை நடுவில் உருட்டினாள். பழக்கத்தில் ஷர்மிளா எண்ணுவதற்குக் கையை நீட்டினாள். பாய் பகடைகளின் மேல் தன் உள்ளங்கையைக் கவிழ்த்துவிட்டார்.

"நானே எண்றேன்."

ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். "இது ஒம்போது. கோடு அடியில இருக்கு. இது ஆறு." நிறுத்தி, திருப்பி, இன்னொரு தடவை பார்த்தார். "ஆறேதான். இது ஒம்போது. ஏழு. மூணு." உதடு அசைந்தது. "முப்பத்தி நாலு. உஸ்தாத் போய்ட்டான்."

ஷர்மிளா எட்டிப் பார்த்தாள். "சரிதான் பாய்" என்றாள்.

பாய் அந்தக் கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஃபேக்டரி கேட்டாண்ட நிக்கிறேன். நீ வந்து மேனேஜர் முன்னாடி உன் வாயால சொல்லணும். வேலைய எனக்குத் திருப்பிக் குடுக்கறாங்களோ இல்லையோ, அந்தப் பேரைத் திருப்பி எடுத்துக்கணும்."

"வர்றேன் பாய்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வருவனான்னு இப்பக் கேக்காதே" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் நின்று போனை எடுத்தார். மேலே ரூமில் மூன்று பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"முனவ்வர், நான்தான். சாயங்காலம் ஊசிக்கு பக்ருன்னிசாவ வரச் சொல்லாத. ஆமா. நான் போடறேன். இல்ல, நடுங்காது. நான் பார்த்துக்கறேன்."

தேவகி மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அந்த நெருப்பை எவ்வளவு ஏற்றி எழுதியும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாததை, ஒரு மஞ்சள் கார்டு கொடுத்துவிட்டது. முழுசாக இரண்டு வருஷம் அந்தக் கார்டு அவள் கைக்குள்ளேயேதான் இருந்தது. தாங்க முடியவில்லை அவளுக்கு.

மறுநாள் ஏழே முக்காலுக்குப் பாண்டியன் வேனிலிருந்து அவள் இறங்கினாள். அவனிடம் இரவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் திட்டினான், இப்போது "நான் இங்கயே நிக்கிறேன், போ" என்றான். கேட் பக்கத்தில் மக்பூல் பாய் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கண்ணாடி. ஷிப்ட்டுக்கு வந்தவர்களில் ஒருவன் அவரைப் பார்த்து, "இன்னா ஆறு ஒம்போது பாய், எப்படி இருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

பாய் தேவகியைப் பார்த்தார்.

தேவகி அந்த ஆளைக் கூப்பிட்டு நிறுத்தினாள். மேனேஜர் ரூமுக்குப் போகும் வரைக்கும் காத்திருக்கவில்லை. "அந்தப் பேர் அவருது இல்ல" என்றாள். கேட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னுது."